குடுவைச் செடி ஏன் சிவக்கிறது?

வேலூரில் மாடித் தோட்டம் போடுபவர்களிடம் பூச்சி பிடிக்கும் நெப்பந்தஸ் குடுவைச் செடிகளை வரிசையாக வைத்தால், சிவந்த குடுவையைத்தான் முதலில் எடுப்பார்கள். பச்சை என்றால் சவலைச் செடி என்று ஒரு நினைப்பு. பிறவியிலேயே பச்சைக் குடுவை விடும் இனங்களும் இருக்கின்றன. மற்றவற்றில் நிறத்தைப் பெரும்பாலும் வெயில்தான் முடிவு செய்கிறது.

சிவப்பைத் தருவது அந்தோசயனின் என்ற நிறமி. பச்சையத்தால் செலவழிக்க முடியாத அளவு ஒளி விழுந்தால், மிச்ச ஆற்றல் செல்லைக் கெடுக்கும். அந்த ஒளியில் ஒரு பங்கை அந்தோசயனின் வாங்கிக்கொள்கிறது. பூச்சியை மயக்கத்தான் இந்தச் சிவப்பு என்றும் சொல்வார்கள். தேனீக்குச் சிவப்பே தெரியாது என்பதை மறந்துவிடுகிறார்கள். எறும்பை இழுப்பது குடுவையின் விளிம்பில் சுரக்கும் தேன்.

சரி, குடுவையின் அளவு? குடுவை என்பது இலையின் நுனி உருமாறியது. அதைக் கட்டச் சர்க்கரை செலவாகும். ஆனால் ஒளிச்சேர்க்கையில் அகன்ற இலைப்பகுதி அளவுக்கு அது சம்பாதிக்காது. பூச்சியிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் கொண்டுவருவதுதான் அதன் வேலை. நிழலில் தட்டுப்படுவதோ சர்க்கரை. அப்போது செடி இலையை அகலமாக, மெல்லியதாக விரித்துக்கொண்டு குடுவையைச் சிறிதாக்கும், அல்லது விடாமலே இருந்துவிடும். வெயிலும் ஈரமும் இருந்து மண்ணில் மட்டும் சத்தில்லாத இடத்தில்தான் பூச்சி பிடிப்பது செடிக்குக் கட்டுபடியாகும் என்று 1984-இல் தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷும் சக ஆய்வாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வட அமெரிக்காவின் குடுவைச் செடியான சாரசீனியாவும் நிழலில் குடுவையை ஒடுக்கித் தட்டையான இலையாகிவிடும்.

வேலூரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே இடிப்பது காற்றின் வறட்சி. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது, மேகாலயாவின் ஈர மலைகளிலிருந்து வந்த நெப்பந்தஸ் காசியானாவுக்கு இலை நுனியிலேயே குடுவை மொட்டு கருகிவிடும். இதைப் பார்த்துவிட்டு வெயில் போதவில்லை என்று செடியை இன்னும் வெளியே தள்ளுவது வீண். காலை வெயில் படட்டும், உச்சிப் பொழுதுக்குப் பச்சை வலை போதும். ஏலகிரி உயரத்தில் சூடு குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் வெயில் தரலாம்.

இடம் மாற்றிய பின் பழைய குடுவையை அளந்து பார்க்க வேண்டாம். அதன் நிறம் மாறலாம். விரிந்து முடிந்த குடுவை பிறகு பெரிதாகாது. புது வெளிச்சத்துக்கு ஏற்ற அளவு, அடுத்து வரும் இலைகளில்தான் தெரியும்.