காமாலை வந்த பிறகும் நிறுத்தாத மாத்திரை

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து ஐந்தாவது வாரம். பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உலை கொதிக்கிற வாசனைக்கே குமட்டல். வீட்டில் பித்தம் என்றார்கள். கண் மஞ்சளானதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள். காசநோய் மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை.

"நடுவுல விட்டா நோய் திரும்பிடும்னு சொன்னாங்க டாக்டர். வாந்தி எடுத்தாலும் மறுபடி முழுங்கிடுவேன்."

சொன்னபடி கேட்டவர் அவர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மாத்திரை கொடுத்தவர்கள் இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும்: குமட்டல் நிற்கவில்லை, சாப்பாடு வெறுத்துவிட்டது, கண் மஞ்சளாகிறது என்றால் அன்றைய மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே வந்துவிடுங்கள் என்று. காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் கண்ணின் வெள்ளையை அது மஞ்சளாக்காது. இந்த வித்தியாசம் தெரியாமலே பலர் நாள் கடத்திவிடுகிறார்கள்.

கல்லீரல் அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் எஸ்ஜிபிடி என்ற நொதி 900, கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 8. இரண்டும் இயல்பைவிடப் பல மடங்கு. எஸ்ஜிபிடி இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேலும், பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் போய், அதற்கு மருந்துதான் காரணம் என்றால் பத்தில் ஒருவராவது உயிரிழக்கக்கூடும் என்று அமெரிக்க மருத்துவர் ஹைமன் சிம்மர்மேன் கண்டார். அவர் பெயரால் 'ஹை விதி' என்கிறோம். நம் பக்கத்து பெங்களூரிலிருந்து 2010-இல் வெளியான ஆய்வில், மருந்தால் கல்லீரல் கெட்ட 313 பேரில் 58 சதவீதத்தினருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். மொத்தத்தில் 17.3 சதவீதம் பேர் இறந்தார்கள்.

"எல்லாருக்கும் இதே மாத்திரைதானே, எனக்கு மட்டும் ஏன்?" அந்த அம்மா கேட்ட இந்தக் கேள்வியில்தான் ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜாக் யூட்ரெக்ட் மருத்துவம், வேதியியல் இரண்டும் படித்தவர். பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் யார் கல்லீரலையும் கெடுக்கும். அவர் எடுத்துக்கொண்டது அதுவல்ல; சரியான அளவிலேயே ஆயிரம் பேருக்கு ஒத்துப்போய் ஒருவரை மட்டும் சாய்க்கும் பாதிப்பு.

மருந்தைக் கல்லீரல் உடைக்கும்போது சில துணுக்குகள் அதன் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய புரதத்தை நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியன் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. வருவதோடெல்லாம் சண்டை போட்டால் அது பிழைக்க முடியாது. அதனால் பொறுத்துப்போகப் பழகிய உறுப்பு. காசநோய் மாத்திரைகளில் இன்னொன்றான ஐசோநியாசிட் சாப்பிடும் பத்துப் பேரில் ஒருவர் இருவருக்கு எஸ்ஜிபிடி சற்று ஏறி, மாத்திரையைத் தொடர்ந்தாலும் தானே இறங்கிவிடுவது இந்தப் பொறுமையால்தான் என்பது யூட்ரெக்ட்டின் கருத்து.

அதைச் சோதிக்க அவர் குழு எடுத்துக்கொண்டது அமோடியாகுயின் என்ற மலேரியா மருந்து. சாதாரண எலிகளுக்குக் கொடுத்தால் லேசான பாதிப்பு, பிறகு சரியாகிவிடுகிறது. எதிர்ப்பு அணுக்களின் இரண்டு பிரேக்குகளான பிடி-1, சிடிஎல்ஏ-4 இரண்டையும் செயலிழக்கச் செய்து கொடுத்தபோது, மனிதர்களுக்கு வருவதுபோலவே கல்லீரல் கடுமையாகக் கெட்டது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். குற்றவாளி மருந்து மட்டும் இல்லை, பொறுமை இழந்த உடலும்தான் என்று கண்முன் காட்டியது. (அதே பிரேக்குகளைத் தளர்த்தும் புற்றுநோய் மருந்துகளால் கல்லீரல் வீங்குவதை இன்று வார்டிலேயே பார்க்கிறோம்.) ஐசோநியாசிட் நேரடியாகவே நஞ்சாகிறது என்றுதான் வெகுகாலம் நம்பினோம். ஆனால் ஐசோநியாசிட்டால் கல்லீரல் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் அந்த மருந்துக்கே எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், இருப்பதை 2014-இல் அவர் குழு காட்டியது.

யாருடைய உடல் பொறுக்காது என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை காசநோய் மருந்துகளுக்கு என் கையில் இல்லை. இருப்பதெல்லாம் அந்தக் குமட்டல்தான். அதனால்தான் அதைப் பித்தம் என்று தள்ளாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். கூடவே, நிறுத்திய மாத்திரையை நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அளவுகள் இறங்க ஐந்து வாரம் ஆயிற்று. கல்லீரலைத் தொடாத மருந்துகளை வைத்து அதுவரை சமாளித்தோம். பிறகு முதலில் ரிஃபாம்பிசின், சில நாள் பார்த்து ஐசோநியாசிட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரத்தப் பரிசோதனை. இரண்டும் ஒத்துக்கொண்டன. மூன்றாவதான பைரசினமைடை மறுபடி தொடவில்லை. 'பைரசினமைடு கொடுக்கக் கூடாது' என்று ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை வரும்போதும் நான் கேட்பதற்கு முன்பே எடுத்து மேசைமேல் வைக்கிறார்.