கண் வறட்சி: சொட்டு மருந்துக்கு முதல் இமையைக் கவனியுங்கள்

அண்மையில் சுன்னாகப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார், அறுபது வயதிருக்கும். கதிரையில் இருந்த கையோடு ஒரு ஷொப்பிங் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஏழு சொட்டு மருந்துப் போத்தல்கள் உருண்டன. இரண்டு காலாவதியானவை, ஒன்று கனடாவிலிருந்து மகன் அனுப்பியது, ஒன்றில் பெயரே அழிந்துபோய்விட்டது.

"எல்லாம் விட்டுப் பார்த்திட்டன் டொக்டர். கண்ணுக்கை மண் கிடக்கிற மாதிரியே இருக்கு. பின்னேரமானால் தண்ணியா ஓடுது."

ஒன்றை எடுத்து விட்டுக் காட்டுங்கள் என்றேன். தலையை நிமிர்த்தி, போத்தலின் மூக்கு இமைமயிரில் முட்டும் அளவுக்குக் கொண்டுபோய், மூன்று சொட்டு விட்டார். இரண்டரைச் சொட்டு கன்னத்தால் வழிந்தது, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவைவிடக் கூடுதல் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைவிட முக்கியமானது, இந்த ஏழு போத்தல்களையும் எழுதிக் கொடுத்தவர்களோ விற்றவர்களோ ஒருவராவது அவருடைய இமை ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை.

குறை சொல்ல எனக்கும் பெரிய தகுதியில்லை. சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு வருடம் செயற்கைக் கண்ணீர் மட்டும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "கொஞ்சம் பரவாயில்லை" என்பார், எனக்கு மனம் நோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் போல. ஒருநாள் ஏதோ யோசனையில் கீழிமையை அழுத்தினேன். தெளிந்த எண்ணெய் வரவேண்டிய இமை ஓரத்துச் சுரப்பி வாயிலிருந்து, பற்பசை பிதுங்குவது போல வெள்ளையாக, கட்டியாக ஒன்று வந்தது. அன்றுதான் எனக்கு உறைத்தது, மனிதருக்குக் கண்ணீர் குறைவில்லை, எண்ணெய்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

சரி, கண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. கண்ணின் மேல் எந்நேரமும் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய படலத்தில், அடியில் கண்ணோடு ஒட்டவைக்கும் சளித்தன்மையான ஒரு பகுதி, நடுவில் தண்ணீர், மேலே எண்ணெய். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே ஆடை படருமே, அதுபோல இந்த எண்ணெய் மேலே படர்ந்து தண்ணீர் ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் வருவது இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் சுரப்பிகளிலிருந்து, மேலிமையில் 30 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666இல் இவற்றை விவரித்த ஹைன்றிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் ஊரில் இருந்துகொண்டு இதற்கு ஒரு நல்ல தமிழ்ச் சொல் சொல்ல முடியாமல் நிற்பது எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான், நான் நோயாளிகளிடம் 'இமை எண்ணெய்ச் சுரப்பி' என்றே சொல்லிவிடுகிறேன்.

கண் வறட்சியில் பெரும்பங்கு இந்த எண்ணெய்க் கோளாறால் வருவது. அப்படியானால் தண்ணீர் ஏன் ஓடுகிறது? எண்ணெய் இல்லாத இடத்தில் படலம் சீக்கிரம் கிழிகிறது, கண் உறுத்துகிறது, மூளை "ஏதோ விழுந்துவிட்டது, கழுவு" என்று பெரிய கண்ணீர்ச் சுரப்பிக்குச் சொல்ல, அது குடம் குடமாக ஊற்றுகிறது. எண்ணெய் இல்லாத அந்தத் தண்ணீர் தங்காமல் கன்னத்தால் ஓடிவிடும், கண் திரும்பவும் காயும். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது என்று வருபவரிடம் "உங்களுக்குக் கண் வறட்சி" என்று சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு சந்தேகப் பார்வை.

அதனால் காட்டிவிடுவதுதான் எனக்குச் சுகம். ஃபுளோரசீன் என்ற மஞ்சள் சாயத்தைச் சிறிது கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கண் முழுக்கப் பச்சையாக மினுங்கும். இமைக்காமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, படலம் கிழிந்து கறுப்புப் புள்ளி விழும்வரை வினாடிகளை வாய்க்குள் எண்ணுவேன். பத்துக்கு மேல் போனால் பயமில்லை. அந்த அம்மாவுக்கு நான்கு எண்ணும்போதே பச்சையின் நடுவில் கறுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கின, வெயிலில் குளத்து மண் வெடிப்பதுபோல. தண்ணீரே குறைவா என்று பார்க்க வேறொரு சோதனை இருக்கிறது, ஒரு சின்னக் கடதாசித் துண்டைக் கீழிமையில் மாட்டி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீற்றர் நனைகிறது என்று அளப்பது. 5 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் யோசிக்க வேண்டும்.

இனி மருந்து. மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்குமே, அப்போது என்ன செய்வோம்? போத்தலைக் குலுக்குவதில்லை, மேலும் எண்ணெய் வாங்கி ஊற்றுவதுமில்லை. வெயிலில் வைப்போம், அல்லது சுடுதண்ணிக்குள் நிறுத்துவோம். இமைக்குச் செய்யவேண்டியதும் அதேதான், ஒத்தடம். நம் ஆச்சிமார் கண்கட்டிக்குக் கொடுத்த அதே ஒத்தடம், ஆனால் ஒழுங்காகவும் நாள்தோறும்.

சுத்தமான துவாய்த் துண்டை, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் வையுங்கள். ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் சூடு போதும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி விட்டுப் பார்ப்போமே, அந்தக் கணக்கு. பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். துவாய் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், ஆறிய துவாயைப் பத்து நிமிடம் வைத்திருந்து என்ன பலன்? பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி வைத்து, ஆற ஆற நனைத்து மாற்றுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். உடனே, சூடு ஆறுமுன், விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக, மயிரின் வரிசையை நோக்கி மெதுவாக உருட்டி அழுத்த வேண்டும். கண்ணையே அமுக்கக் கூடாது, இமையை மட்டும். இமை ஓரத்தில் பொடுகு போலச் செதில் ஒட்டியிருந்தால் அதையும் துடைத்தெடுக்க வேண்டும், இமை துடைப்பதற்கென்றே விற்கும் கழுவல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான சுடுதண்ணியில் நனைத்த பஞ்சு. காலையும் இரவும் ஒவ்வொரு தடவை. நான்கு முதல் ஆறு கிழமை செய்யாமல் "சரிவரேல்லை" என்று என்னிடம் சொல்ல வேண்டாம். மூன்று நாள் செய்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

அடுத்தது இமைப்பு. ஒருவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். போன் திரையைப் பார்க்கும்போது அது ஐந்து ஏழு என்று விழுந்துவிடும், அந்த இமைப்பும் பாதிதான், மேலிமை கீழே வந்து தொடாமலே திரும்பிப் போய்விடும். முழுதாக மூடும்போதுதான் எண்ணெய் பிதுங்கும், பரவும். உயர்தரப் பிள்ளைகள், இங்கிருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிக்கு இரவிரவாக வேலை செய்யும் இளம் பொடியங்கள், தையல் மெஷினில் குனிந்தபடி இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மூடுங்கள், இரண்டு வினாடி அப்படியே வையுங்கள், மெல்ல இறுக்குங்கள், திறவுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் ஜன்னலால் தூரத்துப் பனையைப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு தடவை இதைச் செய்யலாம். திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், மேலே பார்த்தால் கண் அகலமாகத் திறந்து கூடக் காயும்.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. சோளகம் வீசத் தொடங்கினால் என்னிடம் வரும் கூட்டம் கூடும். வைகாசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை அந்தக் காற்று தோட்டத்துச் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும், நல்லூர்த் திருவிழாவும் அதற்குள்தான், மணல் வீதியும் கற்பூரப் புகையும் சேர்ந்தால் சொல்லவா வேண்டும். ஹெல்மெட் போடுகிறோம், கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு ஓடுகிறோம். அதை இறக்குங்கள். ஸ்கூட்டியில் போகிறவர்கள் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி ஒன்று வாங்கினால் இரண்டு போத்தல் மருந்துக் காசு மிச்சம். இரவில் ஃபானை நேரே முகத்துக்குத் திருப்பிவிட்டுப் படுக்கிறோம், சிலருக்கு நித்திரையில் இமை முழுதாக மூடாது, காலையில் கண் திறக்கவே எரியும். ஃபானைக் காலுக்குத் திருப்புங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும்.

இன்னொன்று, கண் எரிந்தவுடன் கிணற்றுத் தண்ணியை அள்ளிக் கண்ணில் அடிக்கும் பழக்கம். தூசி விழுந்தால் சரி. நாளுக்கு ஆறேழு தடவை அடித்தால், மிச்சமிருக்கும் எண்ணெயும் போய்விடும், நம்முடையதோ சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிய தண்ணி. கொன்ராக்ட் லென்ஸ் போடுபவர்கள் கண்ணிலோ லென்ஸிலோ அந்தத் தண்ணி படவே விடக்கூடாது, பார்வையையே பறிக்கும் கிருமித்தொற்று வரலாம். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர் எல்லாம் நல்ல பொருள்கள்தான், கண்ணுக்குள் விட அல்ல. கண்மையை இமையின் உள்விளிம்பில் இழுத்தால் அந்த எண்ணெய் வாய்களைத்தான் அடைக்கிறீர்கள், வெளியே போடுங்கள்.

சொட்டு மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. செயற்கைக் கண்ணீர் நல்ல துணை. நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பென்சல்கோனியம் குளோரைட் போன்ற பாதுகாப்பு இரசாயனம் சேராத வகையைக் கேளுங்கள், அந்த இரசாயனமே கண்ணைப் புண்ணாக்கும். ஒரு சொட்டு, கீழிமையை இழுத்துப் பையாக்கி, மூக்கு முட்டாமல், பிறகு ஒரு நிமிடம் மூடியிருங்கள். திறந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதுங்கள், சாதாரணப் போத்தல் என்றால் ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள். எனக்குக் கோபம் வருவது வேறு இரண்டு மருந்துகளில். ஒன்று, சிவந்த கண்ணை வெள்ளையாக்கும் சொட்டு. விட்டவுடன் பளிச்சென்று இருக்கும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். மற்றது ஸ்டீரோயிட் கலந்தது. அந்த அம்மாவின் பையில் அதுவும் ஒன்று இருந்தது, வைத்தியரின் மருந்துத் துண்டு இல்லாமலே வாங்கியது. மாதக்கணக்காக விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரை வரலாம், அதுவும் சத்தமில்லாமல்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் மீன் எண்ணெய் மாத்திரைகள் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 535 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. நாளுக்கு 3000 மில்லிகிராம் ஒமேகா 3 எடுத்தவர்களுக்கும் வெறும் ஒலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் கண் வறட்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. சூடை மீனைச் சொதி வைத்துச் சாப்பிடுங்கள், நல்லது. கண்ணுக்கென்று மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

சிலருக்கு மட்டும் கதை வேறு. கண்ணோடு வாயும் காய்கிறதா, பாண் துண்டு தண்ணி குடிக்காமல் இறங்குதில்லையா, மூட்டு நோகிறதா என்று நடுத்தர வயதுப் பெண்களிடம் நான் கட்டாயம் கேட்பேன். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் அப்படித்தான் தலைகாட்டும். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும், ஒத்தடம் மட்டும் காணாது. சலரோகம், தைரொயிட், மாதவிடாய் நின்ற காலம், கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சில மாதங்கள் எல்லாமே வறட்சியைக் கூட்டும். தடிமனுக்கும் அரிப்புக்கும் போடும் நித்திரை வரும் மாத்திரைகளும் அப்படித்தான். ஆனால் கண் கடுமையாக நோகிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை மங்குகிறது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது, வயலில் நெல்லோ தூரோ பட்டுவிட்டது என்றால் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மா ஆறு கிழமை கழித்து வந்தார். திரும்ப எண்ணினேன், எட்டு. "பின்னேரத்துத் தண்ணி குறைஞ்சிட்டுது, ஆனால் ஒத்தடம் குடுக்கிறது பெரிய அலுப்பு டொக்டர்" என்றார். அலுப்புத்தான், மறுக்கவில்லை.

கண் வறட்சி என்று வைத்தியரிடம் போகிறவர்கள் மை போடாமல் போங்கள், போவதற்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் செயற்கைக் கண்ணீர் விடாதீர்கள், சோதனை பிழைத்துவிடும். கண் அழுத்தத்துக்கு விடும் மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம். வீட்டில் கிடக்கும் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயர் அழிந்ததையும் சேர்த்து.