ஆன்டிஸெனோசிஸ்: வரவு மறுப்பு

பூச்சியை எதிர்த்து நிற்கும் மக்காச்சோளக் கால்வழிகளை (ஒரே குணம் தொடரும்படி தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த வகைகளை) பற்றிப் படிக்கப் போனால் மூன்று சொற்கள் சேர்ந்தே வரும்: ஆன்டிஸெனோசிஸ், ஆன்டிபயோசிஸ், டாலரன்ஸ். பின்னவை இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. செடியைத் தின்ற புழு வளராமல் குன்றினாலோ செத்தாலோ அது ஆன்டிபயோசிஸ்; வாழ்வெதிர்ப்பு எனலாம். தின்ற பிறகும் செடி சமாளித்து விளைந்தால் டாலரன்ஸ், அதாவது தாங்குதிறன். வேர்ப்புழு கடித்த பின் புது வேர் விட்டு நிமிரும் மக்காச்சோளம் அந்த வகை. தகராறெல்லாம் முதல் சொல்லில்தான்.

பூச்சி தன்னிடம் வராதபடியோ, வந்தாலும் முட்டையிடாமல், தின்னாமல் நகர்ந்துவிடும்படியோ செய்கிற செடியின் குணம்தான் ஆன்டிஸெனோசிஸ். வாசனை, இலைமேல் மெழுகு, ரோமம், இலையின் தடிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இந்தக் குணத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. அமெரிக்காவின் கான்சாஸில் பணியாற்றிய பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951இல் எதிர்ப்பை மூன்றாகப் பிரித்தபோது இதை ‘நான்பிரிஃபரன்ஸ்’ என்றார், தமிழில் விருப்பமின்மை. 1978இல் கோகன், ஆர்ட்மன் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் அதை மறுத்தார்கள். விருப்பமின்மை பூச்சியின் நடத்தை. வயலில் நாம் பொறுக்கி எடுப்பதோ செடியை. செடியின் குணத்துக்குப் பூச்சியின் மனநிலையைப் பெயராக வைக்கலாமா? நியாயமான கேள்விதான். அவர்கள் முன்வைத்த மாற்றுச் சொல்தான் ஆன்டிஸெனோசிஸ்.

கிரேக்கத்தில் ‘ஸெனோஸ்’ என்றால் அந்நியர். விருந்தாளியும் அதே சொல்தான். நமக்கு இது புதிதல்ல. ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் அந்தப் பொருளில்தான் ஆள்கிறது. பிறகு அது புதிதாக வந்தவரைக் குறித்தது, இன்று அவருக்குப் போடும் சாப்பாட்டைக் குறிக்கிறது. அதனாலேயே ஆன்டிஸெனோசிஸைத் தமிழில் ‘விருந்து மறுப்பு’ என்றால் சாப்பிட மறுப்பது பூச்சி என்று ஆகிவிடும், பழைய தவறே திரும்ப வரும். ‘ஒவ்வாமை’யை அலர்ஜிக்குக் கொடுத்தாயிற்று. ‘வரவு மறுப்பு’ சரியாகப் பொருந்தும் என்பது என் கட்சி: மறுப்பது செடி, மறுக்கப்படுவது பூச்சியின் வரவு.

இந்த வேறுபாடு வயல் சோதனையிலும் முக்கியம். கால்வழிகளை ஒப்பிட, பொரித்த சில நாளிலேயே புழுக்களைக் கதிர்த்தக்கைத் தூளோடு கலந்து ஒவ்வொரு செடியின் குருத்திலும் போடுவார்கள். பிறகு இலைச்சேதத்துக்கு மதிப்பெண் இடுவார்கள். அந்துப்பூச்சி எந்தச் செடியில் முட்டையிடும் என்பதை இந்த முறை காட்டாது, ஏனென்றால் புழுவை நாமே கொண்டுபோய் விடுகிறோம். தெரிவது பெரும்பாலும் வாழ்வெதிர்ப்புதான். வரவு மறுப்பைப் பார்க்க, பல கால்வழிகளை அருகருகே வைத்துப் பூச்சியையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு: பக்கத்தில் வேறு செடி இருந்தபோது ஒதுக்கிய ஒன்றை, வயல் முழுக்க அதுவே நின்றால் பூச்சி தின்னவும் கூடும். ஆகவே தேர்வுள்ள சோதனை, தேர்வில்லாத சோதனை இரண்டுமே தேவை.

ஒரே கால்வழியில் இரண்டு குணமும் சேர்ந்து வருவதும் உண்டு. கரீபியன் நாட்டு ரகங்களின் வழிவந்து மிசிசிப்பியில் உருவான எம்பி 708 அப்படிப்பட்டது. படைப்புழு கடித்ததும் அதன் குருத்தில் ஒரு நொதி சேர்கிறது. தின்ற புழுவின் குடலுக்குள் உணவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வை அது சேதப்படுத்துவதால் புழு வளர்ச்சி குன்றுகிறது. இது வாழ்வெதிர்ப்பு. கடி படாத நிலையிலேயே இந்தக் கால்வழி கேரியோஃபிலீன் என்ற வாசனைப்பொருளையும் வெளியிடுகிறது. இளம்புழுக்கள் அந்த வாசனையைத் தவிர்க்கின்றன. இது வரவு மறுப்பு. வெறுமனே ‘எதிர்ப்புள்ள ரகம்’ என்று எழுதிவிட்டால் இவற்றில் எது எது என்று தெரியாமலே போகும்.