பார்க்கின்சன் உள்ளவர் விழுவாரா என்று எப்படிக் கணிக்கிறார்கள்?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா என்ற முன்கூடத்துக்கு ஏறப் படி, உள்ளே போக உயரமான நிலைப்படி, அடுக்களைக்கு ஒன்று, புறவாசலுக்கு ஒன்று. பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவர் அங்கே நன்றாக நடந்து வந்து, நிலைப்படிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், பாதம் மட்டும் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நகராது. பலர் விழுவது அந்த நேரத்தில்தான்.

இந்த நோய் என்றதும் நமக்குக் கை நடுக்கம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழ வைப்பது நடுக்கம் இல்லை, நடை. 1817ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதியபோதே, உடம்பு முன்னால் வளைவதையும் நடை தானாக ஓட்டமாக மாறுவதையும் குறித்து வைத்தார். இந்த நோய் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள்.

நாம் நடக்கும்போது எவ்வளவு தூரம் எட்டு வைக்க வேண்டும், கையை எப்போது வீச வேண்டும் என்று யோசிப்பதே இல்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள நரம்புக் கூட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அதற்கு டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, தானாக நடந்த வேலையை நோய் உள்ளவர் கவனம் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் கூட நடப்பவர் பேச்சுக் கொடுத்தால் சிலர் நின்றுவிடுகிறார்கள். கவனம் பேச்சுக்குப் போனதும் நடைக்கு ஆள் இல்லை. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகவே குறைக்கும். உடம்பின் சமநிலைக்கு அந்த அளவு உதவாது, ஏனென்றால் அதில் டோபமின் தவிர வேறு ரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் விழுகிறாரே என்று வீட்டார் கலங்குவது இதனால்தான்.

சரி, யார் விழுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பெருமளவு முடியும். 2013ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் எளிய கணக்கைத் தந்தார்கள். கடந்த 12 மாதத்தில் விழுந்திருந்தால் 6 புள்ளி. கடந்த ஒரு மாதத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் 3. வழக்கமான நடை வேகம் வினாடிக்கு 1.1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் 2. மொத்தம் பூஜ்யம் என்றால் அடுத்த 6 மாதத்தில் விழும் வாய்ப்பு 17 சதவீதம். 8 அல்லது அதற்கு மேல் போனால் 85 சதவீதம். இடைப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்.

நடை வேகத்தை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தார்சாவில் 4 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, கொஞ்சம் முன்பிருந்தே நடக்கவிட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் 3.6 வினாடிக்கு மேல் ஆனால் வேகம் குறைவு. ஒருவர் பக்கத்திலேயே வர வேண்டும்.

கஷ்டமானது முதல் கேள்விதான். "எங்கயாவது விழுந்தியளா?" என்றால், "அதெல்லாம் இல்ல, லேசா தடுக்குச்சு" என்பார். பக்கத்தில் நிற்கும் ஆச்சி, "போன அமாவாசையன்னைக்குப் புறவாசல்ல விழுந்தாவளே" என்பார். என்னைக் கேட்டால், ஆச்சி சொல்வதைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். விழுந்ததைச் சொன்னால் வெளியே போக விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். அதை மரியாதையோடு புரிந்துகொண்டு கேட்டால் உண்மை வரும்.

மருத்துவமனையில் இன்னும் சில பார்ப்பார்கள். பின்னால் நின்று தோளைச் சட்டென்று இழுப்பார்கள். ஓரிரு எட்டில் சமாளித்துவிட்டால் பரவாயில்லை, அதற்கு மேல் பின்னால் போனாலோ சாய்ந்தாலோ கவனம் தேவை. இதை மட்டும் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. நாற்காலியில் இருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்வார்கள். நேரத்தைவிட அந்தத் திரும்புதலைத்தான் நான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். நின்ற இடத்திலேயே குட்டிக் குட்டி எட்டாகச் சுற்றுகிறவர் விழுவதற்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரை வட்டமாகச் சுற்றித் திரும்பப் பழக்க வேண்டும். அப்புறம் ரத்த அழுத்தம்: படுத்திருக்கும்போது பார்த்துவிட்டு, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 குறைந்தால், விழுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போது தலைசுற்றி விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கால் ஒட்டிக்கொண்டால் "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கட்டும். ஒரு காலில் இருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி, ஒண்ணு ரெண்டு சொல்லி, பெரிய எட்டாக வைக்கட்டும். சமதரையில் தடுமாறுகிற சிலர் தாமிரபரணிப் படித்துறையில் படிப்படியாக இறங்கிவிடுவதைப் பார்த்து ஊரே ஆச்சரியப்படும். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு படியும் அடுத்த எட்டுக்கு அளவு கொடுத்துவிடுகிறது. மூளை வேறு வழியாக அந்த வேலையை முடிக்கிறது. அதற்காக ஈரப் படியில் தனியே விட்டுவிடக் கூடாது. அதே உபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம்: நிலைப்படிக்கு முன்னால் குறுக்கே சில பட்டைகளைத் தரையில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டினால் போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அவர்களிடமோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி மருத்துவரிடமோ போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். விழுந்த நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கட்டும். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்திலேயே திரும்பத் திரும்ப விழுகிறார் என்று தெரிந்தால், மாத்திரை நேரத்தை மாற்றிப் பார்க்க மருத்துவருக்கு வழி கிடைக்கும்.