செனட்டர் தேர்தலில் கடைசி வார்த்தை யாருடையது?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை செனட்; அதன் உறுப்பினர் செனட்டர். செனட்டர் தேர்தலை நடத்துவதும் வாக்குகளை எண்ணுவதும் மாநிலத்தின் பொறுப்பு. ஜெயித்தவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வது செனட்டின் பொறுப்பு. இடையில் இருப்பது ஒரு சான்றிதழ். மக்கள் தேர்ந்தெடுத்த மாநில ஆளுநர் அதில் கையெழுத்திடுவார், மாநிலச் செயலரும் உடன் கையெழுத்திடுவார். மாநில முத்திரையோடு அது செனட்டின் தலைவருக்குப் போகும். இப்படித்தான் அனுப்ப வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது.

சரி, சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் பதவி உறுதியா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் தன் உறுப்பினர்களின் தேர்தலுக்கும் தகுதிக்கும் அந்தந்த அவையே நீதிபதி என்கிறது அரசியல் சாசனம். தகராறு என்று வந்தால் கடைசி வார்த்தை செனட்டுடையது.

இதைப் புரிந்துகொள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1974-இல் நடந்ததைப் பார்த்தால் போதும். முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் லூயிஸ் வைமன் 355 வாக்குகள் முன்னிலை. மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஜான் டர்கின் 10 வாக்குகள் முன்னிலை. ஆளுநர் டர்கினுக்குச் சான்றிதழ் கொடுத்தார். அப்புறம் மாநில ஆணையம் சர்ச்சைக்குரிய சீட்டுகளை ஆராய்ந்து, வைமன் 2 வாக்குகளில் ஜெயித்தார் என்றது. முதல் சான்றிதழ் ரத்தாகி, வைமனுக்குப் புதிதாக ஒன்று வந்தது. செனட் அதை அப்படியே ஏற்கவில்லை. அதன் விதிகள் குழுவே வாக்குச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. மாதக்கணக்கில் விவாதித்தும் முடிவு வராததால், 1975 ஆகஸ்ட் 8 முதல் அந்த இடம் காலி என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 16 அன்று மறுதேர்தல். டர்கின் 27,000-க்கும் அதிகமான வாக்குகளில் ஜெயித்தார். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் எந்தக் குழு தீர்ப்புச் சொன்னாலும் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். மக்களிடமே திரும்பப் போனதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

செனட்டுக்கு இவ்வளவு அதிகாரம் என்றால் மாநிலம் மறுபடி எண்ணவே கூடாதா? எண்ணலாம். இண்டியானாவில் 1970-இல் நடந்த தேர்தல் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972-இல் இதைத் தெளிவாக்கியது. மாநிலத்தின் மறு எண்ணிக்கை செனட்டின் அதிகாரத்தைப் பறிக்காது. அந்தக் கணக்கை ஏற்பதும் விடுவதும் செனட்டின் விருப்பம்.

செனட்டுக்கும் ஒரு கோடு உண்டு. 30 வயது, ஒன்பது ஆண்டு குடியுரிமை, தேர்தலின்போது அந்த மாநிலத்தில் குடியிருப்பு: சாசனம் கேட்கும் தகுதிகள் இவை. புதிதாக ஒரு தகுதியைத் தானே கற்பித்து, ஜெயித்தவரை வெளியே நிறுத்த முடியாது. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை அப்படிச் செய்தபோது 1969-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது.

மாநிலச் சட்டம் சான்றிதழைத் தாமதப்படுத்தவும் முடியும். மினசோட்டா மாநிலத்தில், தேர்தல் பற்றிய வழக்கு முடியும்வரை சான்றிதழ் தர முடியாத நிலை. 2008 நவம்பரில் வாக்களித்தார்கள். 312 வாக்குகளில் ஜெயித்த அல் ஃபிராங்கன் பதவியேற்றது 2009 ஜூலை 7 அன்று. 2009 ஜனவரியிலிருந்து அதுவரை ஆறு மாதம், இரண்டு செனட்டர்கள் இருக்க வேண்டிய மாநிலத்துக்கு ஒருவர்தான் இருந்தார்.