மூன்று என்றால், ஏன் இரண்டு இல்லை?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா வந்திருக்கிறார். பல வாரமாகச் சரியான தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. வெளியே வரிசை நீள்கிறது. தாதிக்குக் கிடைப்பது 15 நிமிடம்.

அதற்குள் பழைய துயரத்தையெல்லாம் கிளறிப் பாதியில் விட்டால், அவர் இன்னும் பாரத்தோடுதான் வீடு திரும்புவார். தீர்வை மையமாகக் கொண்ட சிகிச்சை வேறு இடத்தில் தொடங்குகிறது. ஸ்டீவ் டி ஷேசரும் அவர் மனைவி இன்சூ கிம் பெர்க்கும் சகாக்களோடு சேர்ந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1970களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. சிக்கலின் வேரை முழுக்க அறியாமலும் அதைத் தளர்த்த முடியும் என்பது இதன் அடிப்படை.

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள, இன்னைக்கு உங்க மனசுக்கு எத்தனை மார்க் போடுவீங்க அக்கா?"

"மூணு இருக்கும் மிஸி."

"ஏன் ரெண்டு இல்ல?"

இந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏன் பத்து இல்லை என்று கேட்டால் குறைகளின் பட்டியல் வரும். ஏன் இரண்டு இல்லை என்றால், தன்னைத் தாங்கிப் பிடிப்பது எது என்று அவரே தேட வேண்டியிருக்கும். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்கினேன்."

தாதி அதை விடக்கூடாது. யாரோடு போனீர்கள், அன்று எப்படி எழுந்து கிளம்பினீர்கள் என்று விவரம் கேட்க வேண்டும். மனச்சோர்வில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட நிகழ்வுகளை நினைவுகூர்வது கடினம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லாமே எப்போதும் மோசம் என்றுதான் மனம் சொல்லும். ஒரு வெள்ளிக்கிழமையைத் துல்லியமாக மீட்டெடுப்பது அதற்கு நேர்மாறான வேலை என்பதால்தான், இந்தச் சின்னக் கேள்வியை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம், அந்த மூன்று நான்காக உயர்ந்தால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முதலில் யார் கவனிப்பார், எதைக் கவனிப்பார் என்று கேட்கலாம். "பக்கத்து வீட்டு அத்தை. வாசல் கூட்டியிருப்பேன்ல." அந்த வாரத்துக்கு அது போதும். அடுத்த சந்திப்பின் முதல் கேள்வி, "போன தடவைக்கு அப்புறம் எது கொஞ்சம் தேவலாம்?"

ஒன்றுமே தேவலாம் இல்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. இவ்வளவு கஷ்டத்திலும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். சாக நினைக்கிறேன் என்றாலோ, குரல்கள் கேட்கின்றன என்றாலோ மார்க் கேள்வியை ஒதுக்கிவிட்டு, அவரைத் தனியாக விடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மருந்து தேவைப்படுபவருக்கு மருந்தும் வேண்டும். இந்த உரையாடல் அதன் கூடவே நடக்கும்.