'இடைவெளி நிரப்பல்' வேண்டாம், 'மக்கு வைத்தல்' போதும்

பழைய மரச்சிற்பம், பேழை, கதவு போன்றவற்றைப் பேணுவது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில், மரம் போன இடத்தை அடைப்பதற்கு, ஆங்கில 'gap filling' என்பதை அப்படியே பெயர்த்த 'இடைவெளி நிரப்பல்' என்ற தொடர் ஓயாமல் வருகிறது. பிழையான தொடர் இது.

'நிரம்பு' என்பதன் பிறவினை 'நிரப்பு'. ஆங்கில 'fill' என்ற சொல்லின் வேரும் முழுமையைக் குறிப்பதுதான். அதில் சிக்கலில்லை. சிக்கலெல்லாம் 'இடைவெளி'யில்.

கதவின் சட்டத்துக்கும் உள்பலகைக்கும் நடுவே தச்சர் தெரிந்தே விடுவது இடைவெளி. மரம் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். பச்சை மரம் முற்றிலும் உலரும்போது ஆண்டுவளையத்தின் போக்கில் 6 முதல் 12 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். நீளவாக்கில் பெரும்பாலும் 0.1, 0.2 விழுக்காடுதான். குறுக்குவாட்டு அசைவுக்கு இடம் கொடுக்கவே அந்த இடைவெளி. வறட்சியில் வாய் திறந்து ஈரத்தில் மூடிக்கொள்ளும் வெடிப்பும் அப்படித்தான். அது திறந்திருக்கும்போது எப்பாக்ஸியால் (கல்லாக இறுகும் செயற்கைப் பிசின்) அடைத்துவிட்டால், ஈரம் ஏறுகையில் மரம் உப்ப வழியில்லாமல் இழைகள் நசுங்கும். மறுபடி உலரும்போது அடைப்பை ஒட்டியே புது வெடிப்பு ஓடும். ஆக, உண்மையான இடைவெளியை நிரப்பவே கூடாது. எதைச் செய்யக்கூடாதோ அதையே தொழிலின் பெயராக்கியிருக்கிறார்கள்!

அடைக்க வேண்டியது மரம் போன இடத்தை. விளிம்பு உடைந்தால் மூளி, பூச்சி குடைந்தால் பொள்ளல் என்று தனித்தனிச் சொல் இருக்கும்போது எல்லாவற்றையும் 'இடைவெளி'யில் போட்டு மூடுவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல். 'இழப்பீடு' பொருளளவில் கச்சிதம். ஆனால் அது காப்பீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் போய்விட்டது, இனி மீட்க முடியாது.

இன்னொரு குழப்பம் 'நிரப்பி'. குழியில் வைக்கும் பசைக்கும் அதே பெயர், அந்தப் பசைக்குப் பருமன் கூட்டச் சேர்க்கும் கண்ணாடி நுண்கோளங்களுக்கும் அதே பெயர். "நிரப்பியை மெல்லச் சேர்க்கவும்" என்று படிப்பவர் எதை எதில் சேர்ப்பார்?

தச்சுப்பட்டறையில் குழியில் வைக்கும் பசைக்கு மக்கு என்பார்கள். 'மக்கிய மரம்' என்பதோடு குழம்பும் என்று சிலர் மறுக்கிறார்கள். "மக்கிய இடத்தில் மக்கு வை" என்றால் எந்தத் தச்சரும் தடுமாறமாட்டார். பட்டறை மக்கு கெட்டியானது, மரத்தூளும் பிவிஏ பசையும் (தச்சரின் வெள்ளைப் பசை) கலந்தது, காய்ந்தால் கறுத்துப்போகும், பின்னால் எடுக்க வராது என்பது நியாயமான மறுப்பு. அதற்கு ஓர் அடைமொழி போதும்: மென்மக்கு. பேணலில் வைக்கும் மக்கு மரத்தைவிட மெத்தென்று இருக்க வேண்டும். அழுத்தம் வந்தால் மக்குதான் நசுங்க வேண்டும், மரம் அல்ல.

செய்முறையிலும் சொற்கள் முட்டுவதில்லை. முதலில் 100 மில்லி அசிட்டோனுக்கு 10 கிராம் பாரலாய்டு பி-72 (அசிட்டோனில் மறுபடியும் கரையும் அக்ரிலிக் பிசின்) கரைத்துப் பொள்ளலின் உட்சுவரில் தடவி உலரவிடுவது. பின்னால் மக்கைப் பிரித்தெடுக்க இதுவே வழி. சுற்றியுள்ள வார்னிஷில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது, அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். பிறகு அதே பிசினின் இன்னும் அடர்த்தியான கரைசலில், முகமூடி அணிந்து, கரண்டியிலிருந்து வழியாத பதம் வரும்வரை நுண்கோளங்களைச் சேர்ப்பது. 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே கொப்புளம் கட்டும், நடுவில் குழிவிழும். அடுக்கடுக்காக வைப்பது மென்மக்கு. அதில் கலந்திருக்கும் நுண்கோளம் மட்டுமே நிரப்பி.